விறகுக்காரி

தைப்பூசம் கழிந்த வெயிலில்
ஏழாம் நம்பர் மலை பழுத்துக் கிடந்தது.
தளிர் இல்லை, பட்டையும் உரிந்திருந்தது.
வாது வாதாய்த் தொங்கின
விரல் நீளக் கட்டுகள்.
பிரட்டில் தவசீலன் ஐயா சொன்னார்:
நூறு புழுவுக்கு இவ்வளவு, கொந்தரப்பு.
கூடை வேண்டாம், சாக்கு போதும்.

புத்தகத்தில் அதற்கு வேறு பெயர் இருக்குமாம்.
எங்களுக்கு அது விறகுக்காரி.
பார்த்தால் உங்களுக்கும் வேறு பெயர் வராது.
குச்சியை அளந்து நறுக்கி
நெடுக்காக நிறுத்தி
உள்ளே பட்டு நூலால் வரிந்து,
சுமப்பவள் மட்டும் தெரியாத ஒரு சுமை.
உடம்பு வளர்ந்தால் இன்னும் நீளக் குச்சி சேர்ப்பாள்.
தொட்டால் தலையை உள்ளிழுத்து
வாயைச் சுருக்குப்பை போல மூடிக்கொள்வாள்.
இழுத்தால் வாது ஒடியும், அவள் வரமாட்டாள்.

"இது அவ இல்லடி, அவன்" என்றாள் அமராவதி
ஒன்றை உள்ளங்கையில் உருட்டி.
காற்றை வைத்தது போல் இருந்தது.
அடிவாயில் பழுப்புத் தோல் ஒன்று
பாதி வெளியே தொங்கியது,
கழற்றிப் போட்ட கால்சட்டை மாதிரி.
ஆணுக்குச் சிறகு முளைத்த அன்றைக்கே புறப்பாடு.
அவளுக்கு முளைப்பதே இல்லை.
அந்தியில் மண்ணிறப் பூச்சி ஒன்று வரும்,
கட்டின் அடியைப் பிடித்துத் தொங்கும்.
முகம் பார்க்காமலே ஒரு கலியாணம்.
அதைக் கேட்டு நாங்கள் சிரித்த சிரிப்பில்
நாலு நிரைக்கு அப்பால் கங்காணி திரும்பினார்.

சாயங்காலம் எண்ணினார்கள்.
எனக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஐயா ஒவ்வொன்றாய் நசுக்கிப் பார்த்து
நாற்பத்தாறைத் தனியே தள்ளினார்.
"புழுவுக்குத்தான் காசு. வீட்டுக்கு இல்ல."
மீதி இருநூற்று அறுபத்தாறு.
நூறு நூறாய்த்தான் கணக்காம்.
அறுபத்தாறு யார் கணக்கிலும் விழாமல்
மண்ணெண்ணெய் வாளியில் விழுந்தது.

மறுநாளிலிருந்து கை தராசாயிற்று.
கனத்தால் சாக்கு, லேசானால் கான்.
மூன்றாம் நாள் ஒன்று மிகக் கனத்தது.
அதைப் படங்குக்குள் செருகிக்கொண்டேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
என்னிடம் அதற்கு நல்ல பதில் இல்லை.

கலண்டர் ஆணியில் கட்டித் தொங்கவிட்டேன்.
மகன் அது என்ன என்றான். விறகு என்றேன்.
நாள் போகப் போக லேசானது.
செத்ததென்றே நினைத்தேன்.

ஒரு விடியலில் பீலிக்குப் போக விளக்கைப் போட்டால்
கட்டின் அடியிலிருந்து நூல், நூல் நூலாய்.
நூலின் நுனிதோறும் எள்ளில் பாதி.
இருநூறோ, ஐந்நூறோ.
எண்ணினால் யார் தரப்போகிறார்கள்?
ஒன்று என் கொழுந்துத் துண்டில் இறங்கியது,
பதினேழு கிலோ என்று எழுதிய தாள்.
ஏழின் வாலருகே கடித்து
துகளை எடுத்து
இடுப்பைச் சுற்றிக் கட்டத் தொடங்கியது.
பிறந்து இன்னும் ஒரு வாய் இலை தின்னவில்லை,
அதற்குள் உடுப்பு.
உடுத்தி முடித்துத்தான் பசி.

கதவைத் திறந்தேன்.
சிவனொளிபாதத்து விளக்கு வரிசை அணையவில்லை.
மவுசாக்கலைத் தண்ணீரிலிருந்து ஏறிய காற்று
உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி
நூலோடு வாரிக்கொண்டு போயிற்று,
பணிய லயத்தைத் தாண்டி
ஏழாம் நம்பருக்கா, எட்டுக்கா,
நான் பார்க்கவில்லை.
பீலியில் வரிசை சேர்ந்திருக்கும்.

ஆவணியில், மழை விட்ட வாரம்,
பிரட்டில் தவசீலன் ஐயா
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
"திரும்பவும் புழு. எட்டாம் நம்பர்ல.
எங்கிருந்துதான் வருதோ."
நூற்றுக்கு இவ்வளவு என்றார்.
இந்த முறை ஐம்பதுக்கும் கணக்கு வேணும் என்றேன்.
அமராவதி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
நான் சாக்கை உதறினேன்.